பதினோராவது கட்

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்குக் காலை ஷிப்டுக்கு பஸ் பிடித்து வரும் பையன்களில் ஒருவன், ஒரு சின்னப் பட்டறையில் எனக்குப் பழக்கமானான். விஎம்சி எனும் கணினிவழி மில்லிங் மெஷினின் ஆபரேட்டர். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பைத்தான் கற்றுக்கொண்டிருந்தான். ஒரு நாள் மாலை அலுமினியத் துண்டு ஒன்றை என் கையில் வைத்து, "அண்ணா, இது ஏன் இப்படி ஆச்சுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றான்.

துண்டின் மேல்பரப்பில் ஒரு மில்லிமீட்டர் சீவி எடுக்க வேண்டும். ஒரே மூச்சில் எடுக்காமல், ஒரு கட்டுக்கு 0.1 மி.மீ. என்று பத்து கட். டிராயிங்கில் கொடுத்திருந்த சலுகை கூட்டியோ குறைத்தோ 0.02. துண்டில் இருந்ததோ 1.1 மி.மீ. பள்ளம். ஜாப் ரிஜெக்ட். டூல் ஆஃப்செட்டைப் பார்த்திருக்கிறான், சரி. வைஸ் பிடிப்பைப் பார்த்திருக்கிறான், சரி. கடைசியில் மெஷினுக்குப் போன புரோகிராமைத் திறந்து எண்ணியிருக்கிறான். பத்து வரி இருக்க வேண்டிய இடத்தில் பதினோரு வரி. அந்த வரிகளைக் கையால் எழுதாமல், தானே எழுதிய பைத்தான் நிரலைக் கொண்டு அச்சிட வைத்திருந்தான். பத்தாவது வரியில் ஆழம் 1.000. பதினோராவது வரியில் 1.100.

அவன் எழுதிய சுற்று இதுதான். வாசிக்க வசதியாக இருக்கட்டும் என்று எழில் மொழியில் தருகிறேன். எழில், முத்து அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழி. 2009இல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். அதன் இன்டர்பிரட்டர் பைத்தானில் எழுதப்பட்டது. அதனால் எழிலில் ஒருவர் 0.1 என்று எழுதினால், உள்ளே அது பைத்தானின் 0.1 ஆகத்தான் உட்காரும். தமிழில் எழுதினாலும் கதை மாறாது.

ஆழம் = 0
@( ஆழம் < 1.0 ) வரை
   ஆழம் = ஆழம் + 0.1
   பதிப்பி ஆழம்
முடி

காகிதத்தில் போட்டுப் பார்த்தால் பத்து சுற்றில் ஆழம் 1.0 ஆகிவிடும், 1.0 என்பது 1.0-ஐவிடக் குறைவில்லை, சுற்று நின்றுவிடும். கணினியில் பத்தாவது சுற்றின் முடிவில் கிடைப்பது 0.9999999999999999. அது 1.0-ஐவிடக் குறைவுதானே? இன்னொரு சுற்று ஓடுகிறது. அவன் மூன்று தசம இடத்துக்கு அச்சிடச் சொல்லியிருந்ததால் புரோகிராமில் அது 1.000 என்று வெள்ளையாகத் தெரிந்தது. மெஷினின் கூர்மைக்கு எட்டாத ஒரு துளி வித்தியாசம், 0.1 மி.மீ. உலோகத்தைச் சீவித் தள்ளிவிட்டது.

இதை அவனுக்கு எப்படி விளக்குவது என்று யோசித்தபோது அவன் வீட்டு அளவைகள் நினைவுக்கு வந்தன. ஒரு முறை தேன்கனிக்கோட்டையில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். எல்லை ஊரின் வழக்கப்படி பாட்டியை அஜ்ஜி என்றுதான் கூப்பிடுகிறார்கள். களிக்கு ராகி அளந்து போட அஜ்ஜி இன்னும் பழைய படிகளைத்தான் எடுக்கிறார். படி, அதில் பாதி உரி, அதில் பாதி உழக்கு, அதில் பாதி ஆழாக்கு. ஒவ்வொன்றும் முந்தையதில் சரிபாதி. மூன்று படியும் ஓர் உரியும் ஓர் ஆழாக்கும் அளந்தால் அது 3.625 படி. கணினி பின்னத்தைச் சேமிப்பதும் இதே முறையில்தான். புள்ளிக்கு வலப்பக்கம் முதல் இடம் உரி, இரண்டாவது உழக்கு, மூன்றாவது ஆழாக்கு. உண்டென்றால் 1, இல்லையென்றால் 0. அஜ்ஜியின் 3.625 படி கணினிக்கு 11.101.

இப்போது இந்தப் பாத்திரங்களை மட்டும் வைத்துக்கொண்டு பத்தில் ஒரு படி ராகி அளக்க வேண்டும். ஆழாக்கு 0.125, அதிகம். அதில் பாதி 0.0625, எடுக்கலாம். அதிலும் பாதியைச் சேர்த்தால் 0.09375. அடுத்த இரண்டு பாத்திரங்களும் பெரிது, விட்டுவிட வேண்டும். அதற்கடுத்த இரண்டையும் சேர்த்தால் 0.099609375. மறுபடி இரண்டை விட்டு இரண்டை எடுக்க வேண்டும். இரண்டு எடு, இரண்டு விடு என்று இது முடியவே முடியாது. பாதியாக்கிக்கொண்டே போகிற எந்தப் பாத்திர வரிசையிலும் பத்தில் ஒன்று அடங்காது. பத்துக்குள் ஐந்து என்ற காரணி இருக்கிறது, பாதியாக்குவதால் ஐந்து ஒருநாளும் பிறக்காது.

நம் முன்னோர் இதை அறிந்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. தமிழின் கீழ்வாய் இலக்கத்தில் அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதியாக்கிப் போகும் வரிசை ஒன்று உண்டு. இவை நான்கும் கணினியில் துளிப் பிழையில்லாமல் நிற்கும். கூடவே ஐந்து கலந்த இன்னொரு வரிசையும் உண்டு: மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. இவை மூன்றில் ஒன்றுகூடக் கணினியில் சரியாக நிற்காது. ஆனால் மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி, அதாவது பதினாறில் ஒன்று, நம் வீசம். கணினியில் 0.05-ஐயும் 0.0125-ஐயும் கூட்டிப் பாருங்கள்: சரியாக 0.0625 வரும். பிசகிய இரண்டு எண்கள் சேர்ந்து பிசகாத ஓர் எண்ணில் போய் அமர்கின்றன. இதைத் தற்செயலாகக் கண்டுகொண்ட நாளில் எனக்கு இருந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

முந்திரிக்கும் கீழே போக வேண்டுமானால் பழைய கணக்கர்கள் புதுப் பெயர்களைத் தேடவில்லை. அதே பெயர்களின் முன்னே 'கீழ்' என்று சேர்த்தார்கள். கீழரை என்றால் 320இல் ஒன்றின் அரை, அதாவது 640இல் ஒன்று. கீழ்முந்திரி 102400இல் ஒன்று. எண் அதேதான், அது எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை முன்னொட்டு சொல்கிறது. கணினி பின்னங்களை வைத்துக்கொள்ளும் மிதவைப் புள்ளி எண்ணின் கருவும் இதுவே. இலக்கங்கள் ஒரு பக்கம், மட்டத்தைச் சொல்லும் அடுக்கு இன்னொரு பக்கம்.

இன்று நாம் பயன்படுத்தும் மிதவைப் புள்ளி எண் 64 பிட் நீளம். முதல் பிட் கூட்டலா கழித்தலா என்ற குறி. அடுத்த 11 பிட் அடுக்கு. மீதி 52 பிட் இலக்கங்கள். 0.1 என்பது உள்ளே 1.6 பெருக்கல் பதினாறில் ஒன்று என்று நிற்கிறது. அந்த 1.6 முடிவில்லாமல் நீள்வதால் 52ஆம் பிட்டில் வெட்டி, கடைசி இடத்தை மேல்நோக்கித் திருத்த வேண்டியிருக்கிறது. ஆகவே கணினியின் 0.1 உண்மையான 0.1-ஐவிட மிக மிகச் சற்றே அதிகம். அப்படியானால் பத்து முறை கூட்டினால் 1-ஐவிட அதிகமாகத்தானே வர வேண்டும் என்று அந்தப் பையன் உடனே கேட்டான். நல்ல கேள்வி. ஒவ்வொரு கூட்டலின் விடையும் மறுபடி அந்த 52 பிட்டுக்குள் திருத்தப்படுகிறது. அந்தத் திருத்தம் சில சமயம் மேலே போகும், சில சமயம் கீழே போகும். மூன்றாவது கூட்டலில் 0.30000000000000004 என்று மேலே போனது, எட்டாவதில் 0.7999999999999999 என்று கீழே விழுந்து, அப்படியே பத்து வரைக்கும் கீழேயே வந்துவிட்டது.

பட்டறை இந்தச் சங்கடத்தை வெகுநாளாகவே அறியும். ஃபானுக் கன்ட்ரோலர்களின் மேக்ரோ கையேட்டில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது: 0.002-ஐ 1000-ஆல் பெருக்கினால் சரியாக 2 வராமல் 1.99999997 வரலாம்; அதன் பின்னப் பகுதியை வெட்டினால் 2-க்குப் பதில் 1 கிடைக்கும். வெட்டும் முன் 0.001-ஐக் கூட்டிக்கொள் என்றும், இரண்டு எண்கள் சமமா என்று நேரடியாகக் கேட்காமல் அவற்றின் வித்தியாசம் 0.001-ஐவிடக் குறைவா என்று கேள் என்றும் கையேடே வழி சொல்கிறது. மேக்ரோ என்பதும் ஒரு நிரல்மொழிதான். கன்ட்ரோலருக்குள் அதை வரி வரியாகப் படித்து அப்போதைக்கப்போது நடத்துகிற இன்டர்பிரட்டர் ஒன்று இருக்கிறது. சிப்காட்டில் ஒரு ஷிப்டு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களைப் பார்க்கும்போது அவற்றை யாரும் இன்டர்பிரட்டர் என்று நினைப்பதில்லை.

அதே மேக்ரோவில் இன்னொரு நுணுக்கம். #1 என்ற மாறிக்கு இதுவரை எதுவும் கொடுக்கவில்லை என்றால் அதன் மதிப்பு சுழி அல்ல, 'வெறுமை'. இரண்டுக்கும் வித்தியாசம் மெஷினில் கண்ணால் தெரியும். #1-இல் 0 இருக்கும்போது எக்ஸ் அச்சை #1-க்குப் போகச் சொன்னால் மேசை நகர்ந்து சுழிக்கு வரும். #1 வெறுமையாக இருந்தால் அந்தக் கட்டளையில் எக்ஸ் என்ற சொல்லே எழுதப்படாதது போல விட்டுவிடும், மேசை அசையாது. ஆக, கன்ட்ரோலர் ஒவ்வொரு மாறியிலும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் போதாது. உள்ளே இருப்பது எண்ணா, ஒன்றுமில்லையா என்ற சீட்டையும் ஒட்டி வைத்திருக்க வேண்டும்.

இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்ததே அந்தச் சீட்டுக்காகத்தான்.

மேலே உள்ள எழில் சுற்றைத் திரும்பப் பாருங்கள். முதல் வரியில் ஆழம் 0, ஒரு முழு எண். மூன்றாவது வரியைத் தாண்டியதும் அது 0.1, ஒரு மிதவைப் புள்ளி எண். நடுவில் யாரும் எந்த அறிவிப்பும் செய்யவில்லை. சி மொழியில் என்றால் மாறியின் வகையை முன்கூட்டியே எழுதியாக வேண்டும். கம்பைலர் அதைப் படித்துக்கொண்டு 8 பைட் இடத்தை ஒதுக்கிவிட்டு நிம்மதியாகப் போய்விடும். பைத்தான், ரூபி, ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில் ஒரே மாறி காலையில் முழு எண்ணாகவும் மதியம் பின்னமாகவும் சாயங்காலம் ஒரு சொல்லாகவும் இருக்கலாம். ஒவ்வொரு கூட்டலுக்கும் முன் இன்டர்பிரட்டர் சீட்டைப் பார்த்தாக வேண்டும். ஆனால் மிதவைப் புள்ளி எண் 64 பிட்டையும் தானே எடுத்துக்கொண்டுவிட்டது. கணினியின் ஓர் அறைக்கும் 64 பிட்தான். சீட்டை எங்கே ஒட்டுவது?

பைத்தானின் வழக்கமான இன்டர்பிரட்டரான சி-பைத்தானின் விடை நேரானது: எண்ணைப் பெட்டியில் போடு, சீட்டைப் பெட்டியின் மேல் ஒட்டு. ஒரு மிதவைப் புள்ளி எண்ணுக்கு 24 பைட் பெட்டி. முதல் 8 பைட்டில் இந்தப் பெட்டியை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு, அடுத்த 8 பைட்டில் இது எந்த வகை என்று சொல்லும் முகவரி, கடைசி 8 பைட்டில் எண். மாறி வைத்திருப்பது பெட்டி இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும். ஒரு படி ராகிக்கு இரண்டு படி இடம் அடைக்கும் பெட்டி. அதுவும் ஒருமுறை போட்ட எண்ணை மாற்ற முடியாது. ஒவ்வொரு கூட்டலுக்கும் புதுப் பெட்டி. நம் பையனின் பதினோரு கூட்டலுக்கும் பதினோரு பெட்டி. பத்து லட்சம் பின்னங்களை ஒரு பட்டியலில் வைத்தால் பெட்டிகளுக்கு 2.4 கோடி பைட், அவற்றின் முகவரிகளுக்கு இன்னும் 80 லட்சம் பைட். இந்தச் செலவைக் குறைக்க, காலியான பெட்டிகளை உடனே தூக்கிப் போடாமல் கொஞ்சம் கையருகே அடுக்கி வைத்து மறுபடி எடுத்துக்கொள்கிறது பைத்தான்.

ரூபியின் விடை எனக்கு மிகவும் பிடித்தது. அதைச் சற்று நிதானமாகவே சொல்கிறேன்.

நினைவகத்தில் பெட்டிகளை எட்டு எட்டு பைட்டாகப் பிரித்த இடங்களில்தான் வைப்பார்கள். அதனால் எந்தப் பெட்டியின் முகவரியும் கடைசியில் மூன்று சுழியோடு முடியும். அந்த மூன்று பிட்டும் சும்மா கிடப்பவை, சீட்டுக்கு உதவும். முழு எண்ணை ரூபி பெட்டியில் போடாமல் அறையிலேயே வைத்து, கடைசி பிட்டை 1 ஆக்கிவிடும். இந்தச் சலுகை மிதவைப் புள்ளிக்குக் கிடையாது, அதில் சும்மா கிடக்கும் பிட் ஏதும் இல்லை. 2013 பிப்ரவரியில் வந்த ரூபி 2.0-இல் கோஇச்சி சசாதா இதற்கு ஒரு வழி கொண்டுவந்தார். அடுக்குக்கான 11 பிட்டில் முதல் மூன்றைப் பாருங்கள். பட்டறையின் மைக்ரானாகட்டும், சந்தையின் தக்காளி விலையாகட்டும், மனிதர் அன்றாடம் கையாளும் எண்கள் பெரிதினும் பெரிதல்ல, சிறிதினும் சிறிதல்ல. அப்படிப்பட்ட எண்களில் அந்த மூன்று பிட் 011 ஆகவோ 100 ஆகவோதான் இருக்கும். தோராயமாக, பத்தின் அடுக்கு -77 முதல் 77 வரையிலான எண்கள் எல்லாம் இதற்குள் அடக்கம்.

மூன்று பிட், ஆனால் இரண்டே வாய்ப்பு. இரண்டு வாய்ப்பைச் சொல்ல ஒரு பிட் போதும். மூன்றாவது பிட் 1 என்றால் முன்னவை இரண்டும் 01. அது 0 என்றால் முன்னவை 10. ஆகவே முன்னவை இரண்டையும் அழித்துவிடலாம், வேண்டும்போது மூன்றாவதைப் பார்த்து மீட்டுக்கொள்ளலாம். ரூபி 64 பிட்டையும் ஒரு வளையம் போல மூன்று இடம் இடப்பக்கம் சுழற்றுகிறது. அழிக்கத்தக்க இரண்டு பிட்டும் வலக்கோடிக்கு வந்து சேர்கின்றன. அங்கே 10 என்று சீட்டு ஒட்டப்படுகிறது. எண்ணில் ஓர் இலக்கம்கூடக் குறையவில்லை, பெட்டியும் வேண்டியதில்லை. எல்லைக்கு வெளியே போகும் அபூர்வமான எண்களுக்கு மட்டும் பழையபடி பெட்டி.

சுழி மட்டும் தனி வழக்கு. அதன் பிட்கள் எல்லாமே 0 என்பதால் முதல் மூன்றும் 000, விதிக்குள் வராது. ஆனால் நிரல்களில் சுழி வராத இடமே இல்லை. அதற்காக ரூபி ஓர் எண்ணின் இடத்தை எடுத்துச் சுழிக்குக் கொடுத்தது: இரண்டின் அடுக்கு -255, சுமார் 1.727 பெருக்கல் பத்தின் அடுக்கு -77. சுழற்றினால் சுழியின் சீட்டு வந்து விழும் இடத்திலேயே அதுவும் விழும் என்பதால், அந்த ஒரே ஓர் எண் மட்டும், எல்லைக்குள் இருந்தும், பெட்டிக்குப் போய்விடுகிறது. பூவுலகில் அந்த எண்ணைத் தேடி ரூபிக்கு வந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? இருந்தாலும் அவருக்கும் சரியான விடையே கிடைக்க வேண்டும் என்று அந்த ஒரு வரிச் சோதனையை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த அக்கறை என் மனதை விட்டு அகலாத ஒன்று.

மூன்றாவது விடை எண் அல்லாத எண்ணில் இருக்கிறது. 1980இல் இன்டெல் 8087 என்ற கணக்குச் சிப் வந்தது. அதன் எண்முறையை வடிவமைப்பதில் பங்காற்றிய வில்லியம் கஹன், 1985இல் மிதவைப் புள்ளி எண்களுக்கான ஐஇஇஇ 754 தரம் உருவானதிலும் முன் நின்றார். 1989இல் டூரிங் விருது பெற்றார். சுழியைச் சுழியால் வகுத்தால், கழித்தல் எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டால், மெஷின் படுத்துவிடக் கூடாது. 'இது எண்ணல்ல' என்று ஒரு விடை வர வேண்டும் என்று அந்தத் தரம் சொன்னது. அடுக்கின் 11 பிட்டும் 1 ஆக இருந்து, இலக்கப் பகுதி சுழியாக இல்லாவிட்டால் அது 'எண்ணல்ல'. எந்தப் பிழையால் வந்தது என்று குறித்து வைக்க உதவட்டும் என்று இலக்கப் பகுதியின் மீதியைத் திறந்தே விட்டார்கள். இதனால் ஒரே பொருளுக்கு ஏறத்தாழ 90 கோடி கோடி வடிவங்கள் வந்துவிட்டன. கணக்குச் சிப்புக்குத் தேவைப்படுவது அதில் ஒன்றே ஒன்று.

மீதியெல்லாம் ஆளில்லாத அறைகள். லுவா மொழிக்கு மைக் பால் எழுதிய லுவாஜிட், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரம், சஃபாரியின் இயந்திரம் எல்லாம் அந்த அறைகளில் குடியேறின. இன்றைய கணினியில் ஒரு முகவரிக்கு வழக்கமாக 48 பிட் போதும். 'எண்ணல்ல' வடிவத்துக்குள் 51 பிட் தாராளமாகக் கிடைக்கிறது. ஆகவே மிதவைப் புள்ளி எண் என்றால் அப்படியே இருக்கும். சொல்லோ பட்டியலோ வெறுமையோ என்றால் அது 'எண்ணல்ல' என்ற வேடத்தில், சீட்டோடும் முகவரியோடும் இருக்கும். சஃபாரி இதையே கொஞ்சம் திருப்பிப் போட்டு, முகவரிகள் வேடமில்லாமல் நிற்கும்படி எண்களை ஒரு நிலையான தூரத்துக்கு நகர்த்தி வைக்கிறது. குரோமின் இயந்திரம் இந்த வழியில் வரவில்லை; சிறிய முழு எண்களை அறையிலும் பின்னங்களைப் பெரும்பாலும் பெட்டியிலும் வைக்கிறது.

சீட்டு ஒட்டும் இந்த வழிகள் எதுவும் 0.1-ஐச் சரியாக்குவதில்லை. பெட்டியில் வைத்தாலும், சுழற்றி வைத்தாலும், வெற்று அறைக்குப் பக்கத்தில் வைத்தாலும் உள்ளே இருப்பது அதே 64 பிட். நம் பையன் தன் சுற்றை ரூபியில் எழுதியிருந்தாலும் ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதியிருந்தாலும் அந்த அலுமினியத் துண்டு ரிஜெக்ட்தான்.

அவனுக்கு வழி அவன் மெஷினிலேயே இருந்தது. பல கன்ட்ரோலர்களில், பாராமீட்டர் அப்படி வைத்திருந்தால், 10 என்று புள்ளி இல்லாமல் எழுதினால் 10 மைக்ரான், 10. என்று புள்ளி வைத்தால் 10 மில்லிமீட்டர். புள்ளி விட்டுப்போய் டூல் எங்கோ போய் நின்ற கதை சிப்காட்டில் ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு செட்டர் முதல் நாள் சொல்லித் தருவதே 'புள்ளி வை' என்பதுதான். பயத்தோடு கற்றுக்கொண்ட அந்தப் பாடத்தைத் தலைகீழாகப் பிடிக்கச் சொன்னேன். மைக்ரானில் எண்ணினால் பின்னமே வராது, 0.1 மி.மீ. என்பது 100 மைக்ரான், முழு எண். 2-இன் அடுக்கு 53 வரைக்கும் முழு எண்கள் மிதவைப் புள்ளியிலேகூடப் பிசகாமல் நிற்கும்.

அவன் தன் பட்டறைக் கன்ட்ரோலரின் பாராமீட்டரை முதலில் செட்டரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டான். பிறகு என் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினான்:

கட் = 0
@( கட் < 10 ) வரை
   கட் = கட் + 1
   பதிப்பி கட் * 100
முடி

ஓட்டினான். 100, 200, 300 என்று வரிகள் இறங்கின. விரலை வைத்து எண்ணிக்கொண்டே வந்தான். பத்தாவது வரியில் 1000. அதற்குக் கீழே வரி இல்லை.